கூடத்திற்கு வந்த நாடகம்: தொலைக்காட்சிப் படங்களும் அவை சொன்ன கதைகளும்

நாடகத்தைக் காண நாம் அரங்கிற்குச் செல்கிறோம். திரைப்படத்தைக் காணத் திரையரங்கிற்குச் செல்கிறோம். தொலைக்காட்சிப் படமோ நம்மைத் தேடி வீட்டுக் கூடத்திற்கு வருகிறது. பிள்ளைகள் பாடம் எழுதிக்கொண்டிருக்க, பாட்டி சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்க, சமையலறையில் பாத்திரங்கள் கழுவப்படும் ஓசைக்கு நடுவே அது தன் கதையைத் தொடங்குகிறது. நுழைவுச்சீட்டு இல்லை, விளக்குகள் அணைக்கப்படுவதில்லை, பிடிக்காதவர் எழுந்து போகவும் வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் போதும்.

கதை சொல்லப்படும் இடம் கதையின் இயல்பையும் தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படும் கருத்து. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் முழுநீளப் படத்தையும், சில இரவுகளுக்குள் முடிந்துவிடும் குறுந்தொடரையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். முன்னதை மலேசியாவில் ‘டெலிமூவி’ என்றே வழங்குகிறோம். நாள்தோறும் ஒளியேறி ஆண்டுக்கணக்கில் நீளும் நெடுந்தொடருக்கு வேறு இலக்கணம் உண்டு. அதனை இங்கே ஆராயவில்லை. இவ்வகைப் படைப்புகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலில் செழித்தமையால் சான்றுகளை அங்கிருந்தே தொடங்குகிறோம். இறுதியில் நம் வீட்டுக் கூடத்திற்கு வருவோம்.

பிறப்பும் வரையறையும்

அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் 1960களின் தொடக்கத்தில் திரையரங்குகளில் ஓடி முடிந்த படங்களை வாங்கி ஒளிபரப்பி வந்தன. அவற்றின் உரிமைக் கட்டணம் உயர உயர, தமக்கென்றே படம் எடுத்துக்கொள்வது சிக்கனம் என்ற எண்ணம் எழுந்தது. யுனிவர்சல் நிறுவனம் என்பிசி நிலையத்திற்காக எடுத்து, 1964 அக்டோபர் 7ஆம் நாள் ஒளியேறிய ‘சீ ஹௌ தே ரன்’ இவ்வகையின் முதற்படமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. டான் சீகல் இயக்கிய ‘தி கில்லர்ஸ்’ என்ற படமும் அதே ஆண்டில் தொலைக்காட்சிக்காகவே எடுக்கப்பட்டது. ஆயினும் வீட்டுக்குள் காட்டத் தகாத அளவு வன்முறை மிகுந்தது எனக் கருதப்பட்டு, அது திரையரங்குகளுக்கு அனுப்பப்பட்டது. ‘இது கூடத்திற்குள் வரத் தகுமா?’ என்ற கேள்வி, இக்கலைவடிவம் பிறந்த ஆண்டிலேயே அதனுடன் பிறந்துவிட்டது.

ஏபிசி நிலையம் 1969இல் வாரந்தோறும் ஒரு புதிய படத்தை ஒளிபரப்பத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கப்பட்டது 90 நிமிடம். விளம்பரங்கள் போக எஞ்சியது ஏறத்தாழ 75 நிமிடமே. பணமும் குறைவு, படப்பிடிப்பு நாள்களும் குறைவு. இவ்வளவு நெருக்கடிக்குள் கௌபாய்க் கதை, பேய்க்கதை, துப்பறியும் கதை, நீதிமன்றக் கதை, நகைச்சுவை, நோயாளியின் கதை என எல்லாவற்றையும் அவர்கள் முயன்று பார்த்தனர்.

அப்போது 24 வயதே ஆகியிருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘டூயல்’ 1971 நவம்பரில் ஒளியேறியது. இரண்டு வாரத்திற்கும் குறைவான நாள்களில் படமாக்கப்பட்ட 74 நிமிடக் கதை அது. காரில் செல்லும் ஒருவரை ஒரு பெரிய லாரி துரத்துகிறது. லாரியை ஓட்டுபவரின் முகம் கடைசிவரை காட்டப்படுவதில்லை. பெரும்பொருள் செலவிட்டுக் காட்ட முடியாததைக் காட்டாமலேயே அச்சமாக மாற்றிய திறம் அதில் உண்டு.

விளம்பர இடைவெளியும் கதையமைப்பை மாற்றியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கதை நிறுத்தப்படும் என்பது எழுத்தாளருக்கு முன்பே தெரியும். விளம்பரம் முடிந்ததும் பார்வையாளர் திரும்பி வரவேண்டும்; ஆகவே ஒவ்வொரு பகுதியும் ஒரு கேள்வியோடு முடிந்தது. கிளைக்கதைகள் குறைந்தன, பாத்திரங்கள் குறைந்தனர், ஒரு படத்திற்கு ஒரு சிக்கல் என்பது எழுதப்படாத விதியாயிற்று. மேடை நாடகத்தின் அங்கப் பிரிப்பைப் போன்ற ஓர் ஒழுங்கு வணிகத் தேவையிலிருந்து உருவானது.

ஒரு வீடு, ஒரு சிக்கல்

திரையரங்கிற்குச் செல்வோர் பெரும்பாலும் அன்றாட வாழ்விலிருந்து சற்று விலகியிருக்கவே செல்கின்றனர். கூடத்தில் அமர்ந்திருப்போருக்கு அன்றாட வாழ்வு அவர்களைச் சுற்றியே இருக்கிறது. நோய், கடன், மணமுறிவு, குடிப்பழக்கம், வீட்டுக்குள் நிகழும் வன்முறை ஆகியவற்றைத் தொலைக்காட்சிப் படம் விரும்பி எடுத்துக்கொண்டதற்கு இதுவே முதன்மைக் காரணம். கதையில் காணும் சமையலறையும் படுக்கையறையும் பார்ப்பவரின் வீட்டிலும் உள்ளவை.

‘டூயல்’ ஒளியேறிய அதே மாதத்தில் ஏபிசி நிலையம் ‘பிரையன்ஸ் சாங்’ என்ற படத்தை வழங்கியது. சிகாகோ பேர்ஸ் என்ற அமெரிக்கக் காற்பந்துக் குழுவில் விளையாடிய பிரையன் பிக்கோலோ, கேல் சேயர்ஸ் ஆகியோரின் உண்மைக் கதை அது. ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பினத்தவர். ஒரே இடத்திற்குப் போட்டியிட்ட இருவரும் ஒரே அறையில் தங்கி நண்பர்களாகின்றனர். பிக்கோலோ 26 வயதில் புற்றுநோயால் இறக்கிறார். இன வேற்றுமை பற்றிய வாதம் எதுவும் படத்தில் நீட்டி முழக்கப்படவில்லை. நோயுற்ற நண்பனின் கட்டிலருகே மற்றவர் அமர்ந்திருக்கும் காட்சிக்கு அந்த வாதம் தேவைப்படவுமில்லை.

1984இல் வந்த ‘தி பர்னிங் பெட்’ மேலும் கடினமான கதையை எடுத்துக்கொண்டது. மிச்சிகன் மாநிலத்தில் பல ஆண்டுகள் கணவனின் அடியைத் தாங்கிய ஒரு பெண், 1977இல் அவன் உறங்கிக்கொண்டிருந்த கட்டிலுக்குத் தீ வைத்தார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. உண்மையில் நிகழ்ந்த அவ்வழக்கே படத்திற்கு அடிப்படை. அடுத்த ஆண்டில் வந்த ‘அன் எர்லி ஃப்ராஸ்ட்’, எய்ட்ஸ் நோய்க்கு ஆளான ஓர் இளம் வழக்கறிஞர் பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பி வருவதைச் சொன்னது. அந்நோயைப் பற்றிப் பொதுவில் பேசவே தயங்கிய காலம் அது. ஒரே குவளையில் நீர் அருந்தலாமா, கட்டி அணைக்கலாமா என்ற அச்சங்களைக் கதையிலுள்ள குடும்பத்தினர் வெளிப்படுத்தினர். பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களின் மனத்திலும் அதே அச்சங்கள் இருந்தன. மருத்துவத் துண்டுப்பிரசுரம் தகவலைத் தரும். அத்தகவலைக் கேட்ட பிறகு ஒரு தாய் என்ன செய்வாள் என்பதைக் கதைதான் காட்ட முடியும்.

வீடிழந்த கேத்தி

அட்லாண்டிக்கின் மறுகரையில், பிபிசி நிலையம் 1960களில் புதன்கிழமைதோறும் தனி நாடகம் ஒன்றை ஒளிபரப்பியது. அவ்வரிசையில் 1966 நவம்பர் 16ஆம் நாள் வந்தது ‘கேத்தி கம் ஹோம்’. எழுதியவர் ஜெரமி சாண்ட்ஃபோர்ட். இயக்கியவர் கென் லோச். இளம் இணையர் இருவர் மணந்து வீடு அமைக்கின்றனர். கணவன் விபத்தில் காயமுற்று வேலையை இழக்கிறான். வாடகை கட்ட முடியவில்லை. ஒண்டுக் குடித்தனம், வண்டி வீடு, காப்பகம் எனப் படிப்படியாக இறங்கும் அக்குடும்பம் இறுதியில் சிதறுகிறது. நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும் தாயிடமிருந்து அதிகாரிகள் பிள்ளைகளைப் பிரித்து எடுத்துச் செல்கின்றனர்.

ஏறத்தாழ 12 மில்லியன் மக்கள் அதனைப் பார்த்தனர். நாடாளுமன்றத்திலும் அது பேசப்பட்டது. வீடற்றோருக்கான ‘ஷெல்டர்’ அறநிறுவனம் அடுத்த மாதமே தொடங்கப்பட்டது. அந்நிறுவனத்திற்கான ஏற்பாடுகள் முன்பே நடந்துவந்தன. எனினும் நாடகம் எழுப்பிய உணர்வு அதற்குப் பேராதரவைத் திரட்டித் தந்தது. நாடகத்தால் எல்லாம் மாறிவிட்டதென்று நாம் மிகைப்படுத்தலாகாது. வீட்டுப் பற்றாக்குறை பின்னரும் நீடித்தது. தங்கள் கண்முன் இருந்தும் காணாத ஒரு கூட்டத்திற்குப் பெயரும் முகமும் உண்டு என்பதைப் பிரிட்டிஷ் மக்கள் அன்றிரவு கண்டனர் என்பதே நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது.

வரலாறும் ஒரு சொல்லும்

ஓர் இரவுக்குள் அடங்காத கதைகளுக்குக் குறுந்தொடர் இடம் தந்தது. அலெக்ஸ் ஹேலியின் நூலைத் தழுவிய ‘ரூட்ஸ்’ 1977 ஜனவரி 23 முதல் 30 வரை, எட்டு இரவுகள் தொடர்ச்சியாக ஒளியேறியது. ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட குண்டா கிண்டே என்ற இளைஞனையும் அவன் வழித்தோன்றல்களையும் அது பின்தொடர்ந்தது. இறுதி இரவில் ஏறத்தாழ 100 மில்லியன் பேர் பார்த்ததாக மதிப்பிடப்பட்டது. அடிமைமுறை அமெரிக்கப் பாடநூல்களில் முன்பே இருந்ததுதான். ஆனால் தன் பெயரை விட்டுக்கொடுக்க மறுத்துச் சவுக்கடி படும் ஒரு பிள்ளையின் கதையாக அது கூடத்திற்கு வந்தபோது, பலர் தத்தம் முன்னோரைத் தேடத் தொடங்கினர். நாட்டின் ஆவணக் காப்பகத்திற்கு வந்த விசாரணைகள் பெருகின.

அடுத்த ஆண்டில் என்பிசி ஒளிபரப்பிய ‘ஹாலகாஸ்ட்’, நாட்ஸிகள் யூதர்களைக் கொன்றொழித்த கொடுமையை வைஸ் என்ற கற்பனைக் குடும்பத்தின் வழியாகச் சொன்னது. 1979 ஜனவரியில் அது மேற்கு ஜெர்மனியில் காட்டப்பட்டது. ஏறத்தாழ 20 மில்லியன் பேர் பார்த்தனர். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னரும் வரலாற்றறிஞர்கள் நேரலையில் அமர்ந்து பேச, பல்லாயிரம் பேர் தொலைபேசியில் அழைத்தனர். ‘நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?’ என்ற கேள்வியைப் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கும் நிலை பல வீடுகளில் உருவானது. கொலைக் குற்றத்திற்கு வழக்குத் தொடரும் காலவரம்பை நீக்குவது பற்றிய விவாதம் அந்நாட்டில் ஏற்கெனவே நடந்துவந்தது. அவ்வாண்டு ஜூலையில் நாடாளுமன்றம் அவ்வரம்பை நீக்கியது. முதிய நாட்ஸிகள் காலம் கடந்துவிட்டதென்று தப்பும் வழி அதனால் அடைபட்டது.

மொழியார்வலர்களாகிய நாம் மற்றொன்றையும் கருதவேண்டும். தொடரின் தலைப்பாக வந்த சொல் கிரேக்க வேரில் பிறந்து ஆங்கிலம் வழியாக வந்தது. ஜெர்மானியரின் பொதுவழக்கில் அதுவரை அரிதாகவே இருந்தது. 1979ஆம் ஆண்டின் சொல்லாக ஜெர்மன் மொழிக் கழகம் அதனையே தேர்ந்தெடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அலுவல் நடையிலும் மறைமொழியிலும் குறிக்கப்பட்டு வந்த ஒன்றிற்கு, எல்லாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு பெயரைத் தொலைக்காட்சித் தொடர் தந்தது.

அறிந்ததை உணர்தல்

வரலாற்றைப் போலவே வருங்கால அச்சமும் ஒரு வீட்டின் அளவுக்குச் சுருக்கப்பட்டது. 1983 நவம்பர் 20ஆம் நாள் ஏபிசி ஒளிபரப்பிய ‘தி டே ஆஃப்டர்’, அணுவாயுதப் போருக்குப் பின் கான்சஸ் மாநிலத்தின் சிற்றூர்களும் மருத்துவமனையும் என்னவாகும் என்பதைக் காட்டியது. அதையும் ஏறத்தாழ 100 மில்லியன் பேர் பார்த்தனர். குண்டுகள் விழும் காட்சிக்குப் பிறகு விளம்பரமே இடம்பெறவில்லை. ஒளிபரப்புக்கு முன்னரே அதனைப் பார்த்த அதிபர் ரீகன், அது தம்மை மிகவும் சோர்வுறச் செய்ததாகத் தம் நாட்குறிப்பில் பதிந்தார். ஆயுத எண்ணிக்கைகளை எவரினும் நன்கறிந்தவர் அவர். எண்ணிக்கையால் ஏற்படாத உணர்வு கதையால் ஏற்பட்டது.

இவ்வுண்மைக்கு அண்மைச் சான்று பிரிட்டனின் ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபீஸ்’. ஐடிவி நிலையம் இதனை 2024 ஜனவரி 1 முதல் 4 வரை நான்கு இரவுகளில் ஒளிபரப்பியது. ‘ஹொரைசன்’ என்ற கணக்குக் கணினிமுறையின் கோளாற்றால், சிற்றூர்களில் அஞ்சல் நிலையம் நடத்தியோரின் கணக்கில் இல்லாத பற்றாக்குறை தோன்றியது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீட்டை விற்றுப் பணம் கட்டினர்.

இச்செய்தி மறைந்திருந்ததன்று. கணினித்துறை வார இதழ் ஒன்று 2009இலேயே எழுதியது; உயர்நீதிமன்றம் 2019இல் கணினிமுறையின் குறைகளை உறுதிப்படுத்தியது; பொது விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. ஆயினும் தீர்வு நத்தையாய் ஊர்ந்தது. தொடரில் ஒரு காட்சி உண்டு. கணக்கைச் சரிசெய்ய ஒரு பெண் உதவித் தொலைபேசியில் கேட்டபடியே பொத்தான்களை அழுத்துகிறார். பற்றாக்குறைத் தொகை அவர் கண்முன்னே இரட்டிப்பாகிறது. அந்த ஒரு நிமிடக் காட்சி பல நூறு பக்கத் தீர்ப்பின் சாரத்தை எந்தக் கணினி அறிவும் இல்லாதவருக்கும் விளக்கிவிட்டது. தொடர் முடிந்த ஒரு வாரத்திற்குள் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கச் சட்டம் கொண்டுவரப்படும் எனப் பிரதமர் அறிவித்தார். மே மாதத்தில் சட்டம் நிறைவேறியது.

உண்மைக்குப் பட்ட கடன்

இத்தனை ஆற்றல் உடைய வடிவம் தவறாகவும் பயன்படலாம். நிகழ்ந்ததைக் கதையாக்கும்போது காலம் சுருக்கப்படுகிறது. இருவர் ஒருவராக இணைக்கப்படுகின்றனர். எவரும் பதிவுசெய்யாத உரையாடல் எழுதப்படுகிறது. பார்வையாளர் அனைத்தையும் நடந்ததாகவே நம்பிவிடுவர். ‘ரூட்ஸ்’ நூலில் வேறொரு நாவலின் பகுதிகள் கலந்திருந்ததாக எழுந்த வழக்கை ஹேலி 1978இல் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. அவர் வகுத்த குடும்ப வழியையும் ஆய்வாளர் சிலர் ஐயுற்றனர். வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் எலீ வீசல், ‘ஹாலகாஸ்ட்’ தொடர் பெருந்துயரை அற்பமாக்கிவிட்டது என்று கண்டித்தார். நோயையும் வன்முறையையும் கண்ணீருக்காகவே விற்ற படங்களும் ஏராளமாக வந்தன.

நமக்கு நெருக்கமான சான்று இந்தியாவிலிருந்து கிடைக்கிறது. பீஷ்ம சாஹ்னியின் இந்தி நாவலைத் தழுவி கோவிந்த் நிஹலானி இயக்கிய ‘தமஸ்’, 1988இல் தூர்தர்ஷனில் ஒளியேறியது. 1947 பிரிவினைக் காலக் கலவரத்தை, அறியாமல் அதற்குக் கருவியாக்கப்பட்ட ஓர் எளிய தொழிலாளியின் வாழ்வு வழியே அது காட்டியது. ஒளிபரப்பைத் தடுக்கக் கோரி வழக்குத் தொடுக்கப்பட்டது. மும்பை உயர்நீதிமன்ற நீதிபதிகள் தொடரை முழுவதும் பார்த்த பின்னரே அனுமதித்தனர்; உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. வன்முறையைக் காட்டுவது வேறு, தூண்டுவது வேறு. தனிக்காட்சியைப் பிரித்தெடுக்காமல் படைப்பை முழுமையாகப் பார்த்தே அவ்வேறுபாட்டை அறியமுடியும். கூடத்திற்குள் எதை அனுமதிக்கலாம் என்ற பழைய கேள்விக்கு இது நல்ல அளவுகோல்.

நம் கூடத்தின் மொழி

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரியிலும், மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பரிலும் தொடங்கியது. இன்று இங்கே வசந்தம் ஒளிவழியும், அங்கே ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகளும் தமிழ்ப் படங்களையும் தொடர்களையும் உருவாக்கி வழங்குகின்றன. நம்மவர் எழுதி நம்மவர் நடிக்கும் கதைகள் இவற்றில் பிறக்கின்றன. குறைந்த செலவு, சுருங்கிய நேரம், ஒரு வீட்டுக்குள் அடங்கும் கதை என்னும் வரையறைகள் நம் படைப்பாளருக்கும் உண்டு. அவற்றைக் குறையாகக் கருதத் தேவையில்லை என்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன.

கதைக்கும் நமக்குப் பஞ்சமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடியிருப்பை இழந்த குடும்பங்கள் உண்டு. 1942–43இல் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத பல்லாயிரம் தமிழர் உண்டு, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அவர்களைப் பேசுகிறது. கம்பத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியபோது அண்டை வீட்டாரை இழந்த முதியோர் உண்டு. இவை ஒவ்வொன்றும் வரலாற்றில் ஒரு பத்தியாக நின்றுவிடலாம்; ஒரு வீட்டின் கதையாகச் சொல்லப்பட்டால் பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்குவர்.

அக்கதையின் மாந்தர் எந்தத் தமிழில் பேசுவது என்பதும் முக்கியமானது. தோட்டத்தில் வளர்ந்த பாட்டியின் தமிழ் ஒன்று. அலுவலகம் செல்லும் மகளின் தமிழ் மற்றொன்று. மலாய், ஆங்கிலச் சொற்கள் கலந்து பேசும் பேரனின் தமிழ் வேறொன்று. மூன்றும் தம் இயல்பில் ஒலிக்கும்போதுதான் பார்ப்பவர் அது தம் வீடு என்று நம்புவர். மேடைத் தமிழை எல்லார் வாயிலும் வைத்தால் கதை பொம்மலாட்டமாகும். சென்னைத் தொடர்களின் பேச்சை அப்படியே இரவல் வாங்கினால் மாந்தர் வேற்றூராராவர்.

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் மக்கள்தொகையில் 2.5 விழுக்காட்டினரே. வகுப்பறை ஒரு பிள்ளைக்குத் தமிழின் எழுத்தையும் இலக்கணத்தையும் கற்பிக்கும். சினத்தையும் மன்னிப்பையும், சாவுவீட்டின் அமைதியையும், நெடுநாள் பேசாதிருந்த தந்தையிடம் சொல்லும் முதற்சொல்லையும் தமிழில் எப்படிச் சொல்வது என்பதை அப்பிள்ளை வீட்டில்தான் கேட்கவேண்டும். வீட்டில் அப்பேச்சு குறைந்துவரும் காலத்தில், கூடத்திற்கு வரும் நாடகம் அதில் ஒரு பங்கை ஏற்கமுடியும். ஆகவே நம் தொலைக்காட்சிப் படங்களை நாம் குடும்பத்தோடு பார்ப்போம்; பார்த்தபின் அவற்றைப் பற்றிப் பேசுவோம்; அப்பேச்சைத் தமிழிலேயே நிகழ்த்துவோம்.